குளத்து நீரில் மின்சாரம்: துருசின் திறப்பு யார் கையில் இருக்கும்?

மின்கட்டணம் பற்றிய அறிவிப்பு வரும்போதெல்லாம் எமது ஊர்த் தேநீர்க் கடைகளில் ஒரு பேச்சு கிளம்பும். இத்தனை குளமும் ஆறும் உள்ள நாட்டில் நாம் ஏன் நிலக்கரிக்கும் டீசலுக்கும் டொலர் கட்டிக்கொண்டிருக்கிறோம் என்பதுதான் அது. நான் உயர்தரமல்லாத வகுப்புகளுக்கு விஞ்ஞானம் படிப்பிப்பவன். அதனால் பேச்சு சூடாகும்போது என் பக்கம் திரும்பி, "சேர், நீங்க சொல்லுங்க" என்பார்கள்.

சிறுபோக ஆரம்பக் கூட்டம் ஒன்று முடிந்து வெளியே வந்தபோது எங்கள் கண்டத்து வட்டவிதானை என்னை நிறுத்தினார். வாப்பாவோடு வயல் செய்த மனிதர். அவர் கேட்டது இதுதான்: "சேர், துருசில மெசின் வெச்சுக் கரண்டு எடுக்கலாம் எண்டு கதைக்காங்க. கரண்ட எடுத்துப்போட்டுத் தண்ணிய விட்டாப் பரவாயில்ல. கரண்டுக்காகத் தண்ணியப் புடிச்சி வெச்சா நாங்க என்ன செய்ற?"

ஆசிரியர் கலாசாலையில் படித்த சமன்பாடு எனக்கு நினைவிருந்தது. நீரின் உயரமும் அளவும் தெரிந்தால் எவ்வளவு மின்சாரம் என்று கணக்குப் போட்டுக் காட்டியிருப்பேன். அவர் கேட்ட கேள்விக்கு அந்தச் சமன்பாட்டில் விடை இல்லை. இந்தக் கட்டுரை அவருக்கு நான் அன்று சொல்லாமல் விட்ட பதில்.

முதலில் விஞ்ஞானம்

ஒரு குளத்தின் நீர்மட்டம் வாய்க்காலின் மட்டத்தை விட உயரத்தில் இருக்கிறது. துருசைத் திறந்தால் நீர் வேகத்தோடு வெளியே பாய்கிறது. அந்த வேகம் அப்படியே வாய்க்காலுக்குள் போனால் கரை அரித்துவிடும். ஆகவே பொறியியலாளர்கள் துருசின் வெளிவாயிலில் கொங்கிறீட் தொட்டி கட்டி, நீர் அதில் மோதிச் சுழன்று அடங்கும்படி செய்திருக்கிறார்கள். சிறு வயதில் நாம் குளிக்கப் போகும்போது இரைச்சலோடு நுரை பொங்கும் அந்த இடம்தான். அங்கே அடங்குவது நீரின் சக்தி. அதை மோதவிட்டு வீணாக்குவதற்குப் பதிலாக ஒரு சுழலியைச் சுற்றவிட்டால் அதே சக்தி மின்சாரமாகும். சுழலியைக் கடந்த நீர் ஒரு துளியும் குறையாமல் வாய்க்காலுக்கே போகும்.

இதில் எவ்வளவு கிடைக்கும்? ஓர் உதாரணக் குளத்தை எடுப்போம். நீர் விழும் உயரம் 5 மீற்றர். துருசால் செக்கனுக்கு 4 கனமீற்றர் நீர் போகிறது. இவ்விரண்டையும் 9.81 ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 196 கிலோவோட். இயந்திரங்களில் இழப்பு போக 75 வீதம் கிடைத்தால் 147 கிலோவோட். இந்த அளவில் வருடத்துக்கு 150 நாட்கள் இரவு பகலாக நீர் ஓடினால் சுமார் 5 இலட்சத்து 29 ஆயிரம் அலகுகள். மாதம் 75 அலகு பாவிக்கும் வீடுகள் என்றால், ஏறத்தாழ 590 வீடுகளின் ஒரு வருடத் தேவைக்குச் சமம்.

இது சிறிய தொகையல்ல. நாட்டை மீட்கும் தொகையுமல்ல. விக்டோரியா மின்நிலையம் மட்டும் 210 மெகாவோட். நமது உதாரணக் குளத்தைப் போல் ஆயிரத்து நானூறு குளங்கள் சேர்ந்தால்தான் அந்தத் திறனுக்குச் சமமாகும். ஆகவே குளத்து மின்சாரம் வந்தால் கட்டணம் பாதியாகிவிடும் என்று யாராவது மேடையில் சொன்னால் நம்ப வேண்டாம். ஒரு பிரதேசத்துக்கு, சில கிராமங்களுக்கு, ஒரு விவசாய அமைப்பின் கணக்குப் புத்தகத்துக்கு அது பெரிய விடயம். அந்த அளவோடு பேசுவதுதான் நேர்மை.

இன்னொரு சிக்கலும் உண்டு. உயரம் குறைந்த இடத்தில் அதே மின்சாரத்தை எடுக்க நிறைய நீரை இயந்திரத்துக்குள் செலுத்த வேண்டும். மலையில் ஒரு குழாயும் சிறிய சக்கரமும் செய்யும் வேலைக்கு இங்கே அகன்ற வாயும் பெரிய சுழலியும் தேவை. கப்லான் வகைச் சுழலி, குறுக்குப் பாய்ச்சல் சுழலி, ஆக்கிமிடீஸ் திருகு என்று தாழ்ந்த உயரத்துக்கு ஏற்ற இயந்திரங்கள் உலகில் உள்ளன. ஆனால் ஒரு கிலோவோட்டுக்கான செலவு கூடும். போகம் முன்னேற முன்னேறக் குளத்தின் மட்டம் இறங்குவதால் உற்பத்தியும் இறங்கும். இரண்டு மீற்றர் உயரம்கூட இல்லாத சிறு குளங்களில் இது கட்டுப்படியாகாது. எல்லாக் குளங்களுக்கும் பொருந்தும் திட்டம் என்று எதுவுமில்லை. ஒவ்வொரு துருசையும் தனித்தனியே அளந்துதான் முடிவெடுக்க வேண்டும்.

நமக்குப் புதியதல்ல

இதை யாரோ வெளிநாட்டில் இருந்து கொண்டுவந்த புதுமை என்று நினைப்பவர்கள் இங்கினியாகலைக்குப் போய்ப் பார்க்கலாம். பட்டிப்பளை ஆற்றை மறித்து 1949 இல் வேலை தொடங்கிய கல்லோயாத் திட்டம்தான் சேனாநாயக்க சமுத்திரத்தை உருவாக்கியது. 7 இலட்சத்து 70 ஆயிரம் ஏக்கர் அடி நீரைக் கொள்ளும் அந்த நீர்த்தேக்கத்தின் அணையடியில் 11.25 மெகாவோட் மின்நிலையம் இருக்கிறது. வயலுக்காகத் திறக்கப்படும் நீர் அங்கே சுழலிகளைச் சுற்றிவிட்டுத்தான் கீழே இறங்குகிறது. சம்மாந்துறையிலும் நிந்தவூரிலும் நாற்றுக்குப் பாயும் நீரில் ஒரு பகுதி ஏற்கெனவே யாரோ ஒருவரின் வீட்டில் விளக்கு ஏற்றிவிட்டு வந்த நீர். தெற்கில் உடவளவையிலும் இதேபோல் 6 மெகாவோட் நிலையம் இயங்குகிறது. மொரகஹகந்த நீர்த்தேக்கத்தைக் கட்டும்போதே 25 மெகாவோட் நிலையத்தையும் சேர்த்துக் கட்டினார்கள்.

அயலில் தமிழ்நாட்டிலும் பார்க்கலாம். மேட்டூருக்குக் கீழே காவிரியில் வரிசையாகக் கதவணைகள் கட்டி, ஒவ்வொன்றிலும் 30 மெகாவோட் வீதம் நான்கு நிலையங்களை நடத்துகிறார்கள். நீர் விழும் உயரம் அங்கேயும் குறைவுதான். டெல்டாவுக்குப் போகிற நீர் போகிற வழியில் வேலை செய்துவிட்டுப் போகிறது.

ஆகவே முடியுமா என்ற கேள்விக்கு விடை கிடைத்துப் பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன. பெரிய அணைகளில் செய்ததை நடுத்தரக் குளங்களின் துருசுகளுக்கும், பிரதான வாய்க்கால் ஒரே இடத்தில் சில அடி கீழே விழும்படி கட்டப்பட்ட இடங்களுக்கும் கொண்டுவரலாமா என்பதே இப்போதைய கேள்வி.

ஏன் இப்போது பேச வேண்டும்

2022 ஐ நாம் மறக்கவில்லை. நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு. அந்த வருடம் மே மாதத்தில் நடந்த சாதாரண தரப் பரீட்சைக்கு என் மாணவர்கள் மெழுகுதிரியில் படித்தார்கள். மண்ணெண்ணெய்க்கும் வரிசை இருந்ததால் குப்பி விளக்கும் எல்லா வீட்டிலும் எரியவில்லை. பிறகு ஓகஸ்டில் கட்டணம் சராசரியாக 75 வீதம் உயர்ந்தது. 2023 பெப்ரவரியில் மீண்டும் 66 வீதம். பின்னர் குறைப்புகளும் வந்தன. ஆனால் பள்ளிவாசல் நிர்வாகங்கள் மின்விசிறியை எண்ணிப் போட்ட அந்தக் காலம் எல்லோருக்கும் ஒரு பாடம்.

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை முற்பகல். பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கால் ஏற்பட்ட கோளாறு நாடு முழுவதையும் இருளாக்கியது. மின் தேவை குறைந்த, சூரிய மின்சாரம் கூடிய அந்த நேரத்தில் மின்கட்டமைப்பால் அதிர்ச்சியைத் தாங்க முடியவில்லை என்று மின்சார சபை விளக்கியது. அதே வருடம் ஏப்ரலில் புத்தாண்டு விடுமுறை நாட்களில் கூரைமேல் சூரிய மின்தொகுதிகளைப் பகலில் நிறுத்தி வைக்கும்படி உரிமையாளர்களிடம் கேட்டார்கள். பகலில் மின்சாரம் மிஞ்சுகிறது, இரவில் டீசல் எரிகிறது என்ற நிலைமை இது. 2030 ஆம் ஆண்டுக்குள் 70 வீத மின்சாரத்தைப் புதுப்பிக்கத்தக்க வளங்களில் இருந்து பெறுவது நாட்டின் இலக்கு. அந்த இலக்கைச் சூரியனால் மட்டும் அடைய முடியாது. வாய்க்காலில் ஓடும் நீர் இரவிலும் ஓடும். குளத்து மின்சாரத்தின் உண்மையான பெறுமதி அதன் அளவில் இல்லை. மஃரிபுக்குப் பின்னும் அது நிற்காது என்பதில் இருக்கிறது.

இன்னொரு காரணமும் உண்டு. 2024 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்க இலங்கை மின்சாரச் சட்டம் மின்சார சபையைத் தனித்தனி நிறுவனங்களாகப் பிரிக்கும் பாதையை வகுத்தது. மின்துறையின் விதிகள் மாறும் காலம் இது. புதிய விதிகள் எழுதப்படும்போது அருகில் இருப்பவர்களின் தேவைதான் அதில் இடம்பெறும். பிந்திப் போனவர்கள் வழக்குத் தொடர வேண்டியிருக்கும்.

மலைநாடு சொல்லும் பாடம்

தனியார் சிறுநீர்மின் நிலையங்கள் 1996 இல் இருந்து தேசிய கட்டமைப்புக்கு மின்சாரம் விற்கின்றன. இன்று அவை 200 க்கும் மேல். மொத்தத் திறன் 400 மெகாவோட்டைத் தாண்டும். பெரும்பாலானவை இரத்தினபுரி, நுவரெலியா, கேகாலை போன்ற ஈரவலய மாவட்டங்களில் உள்ளன. நாட்டுக்கு அவை பயன் தந்தன என்பதை மறுக்க முடியாது. ஆனால் பல இடங்களில் ஓடையை மேலே மறித்து நீரைக் குழாயில் எடுத்துச் சென்றதால், இடைப்பட்ட ஓடை காய்ந்து போனது. கிராமத்தவர்கள் குளிக்க வந்த இடத்தில் கல் மட்டும் கிடந்தது. இலாபம் கொழும்புக்குப் போனது, ஓடை ஊரில் காய்ந்தது என்ற குறை அங்கே இன்றும் உண்டு.

குளங்களில் இந்தப் பிரச்சினை அவ்வளவாக இல்லை. அணை ஏற்கெனவே இருக்கிறது. புதிதாக எந்தக் காடும் மூழ்காது. துருசடியில் எடுத்த நீர் துருசடியிலேயே வாய்க்காலுக்குத் திரும்பிவிடும். சுற்றாடல் ரீதியில் பார்த்தால் இது மலை ஓடையை விட நல்ல இடம்.

அதே மலைநாட்டில் இன்னொரு அனுபவமும் இருக்கிறது. மின்கம்பி போகாத நூற்றுக்கணக்கான கிராமங்களில், மின்சார நுகர்வோர் சங்கங்கள் அமைத்து மக்களே சிறு சுழலிகளை நடத்தினார்கள். தேசிய மின்கம்பி வந்த பிறகு பல கைவிடப்பட்டன. சில, கட்டமைப்போடு இணைக்கப்பட்டுச் சங்கத்துக்கு வருமானம் தருகின்றன. ஊர்ச் சங்கத்தால் ஒரு மின்நிலையத்தை நடத்த முடியாது என்று யாராவது சொன்னால் இந்த வரலாற்றைச் சொல்லலாம்.

வட்டவிதானையின் அச்சம் வீணானதல்ல

இப்போது அவருடைய கேள்விக்கு வருவோம். கரண்டுக்காகத் தண்ணீரைப் பிடித்து வைப்பார்களா?

2023 சிறுபோகத்தில் உடவளவையில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். வரட்சியில் குளம் வற்றியது. மேலே சமனலவெவ நீர்த்தேக்கத்தில் நீர் இருந்தது. அதைத் திறந்து விடும்படி விவசாயிகள் வீதியில் இறங்கிப் போராடினார்கள். அந்த நீரை இறக்கினால் தென்பகுதிக்கு மின்வெட்டு வரும் என்று மின்சாரத் தரப்பு தயங்கியது. இறுதியில் ஓகஸ்டில் அமைச்சரவை முடிவெடுத்துத்தான் நீர் வந்தது. அதற்குள் பல வயல்கள் வெடித்துவிட்டன. சமனலவெவ 120 மெகாவோட் மின் நீர்த்தேக்கம். நமது துருசடிச் சுழலியோடு அதை ஒப்பிட முடியாது. ஆனாலும் ஒரே நீருக்கு இரண்டு எசமானர்கள் வந்தால் வரட்சியில் என்ன நடக்கும் என்பதை அந்த ஓகஸ்ட் காட்டியது.

சிறு நிலையங்களில் ஆபத்து இவ்வளவு வெளிப்படையாக வராது. அமைதியாக வரும். மின்சாரத்துக்கு அதிக தேவை மாலை 6.30 இலிருந்து இரவு 10.30 வரை. அந்த நேர மின்சாரத்துக்குக் கூடிய விலை கொடுக்கும் ஒப்பந்தம் வந்தால், நிலையத்தை நடத்துபவருக்கு ஓர் ஆசை வரும். பகலில் துருசை ஒடுக்கி, இரவில் அகலத் திறக்கலாம். இருபத்து நான்கு மணித்தியாலக் கணக்கில் பார்த்தால் வயலுக்குப் போன நீரின் அளவு ஒன்றுதான். ஏட்டில் எந்தப் பிழையும் தெரியாது.

ஆனால் வாய்க்காலை அறிந்தவர்களுக்குத் தெரியும். மட்டம் இறங்கிய வாய்க்காலில் இருந்து கிளை வாய்க்காலுக்கு நீர் ஏறாது. இரவில் பெருகி வரும் நீரை மேற்கண்டத்தவர்கள் பிடித்துவிடுவார்கள், அல்லது யாரும் பிடிக்காமல் வடிச்சலுக்குப் போகும். கடைசிக் கண்டத்துக்கு நீர் போய்ச் சேரவே பல மணித்தியாலம் எடுக்கும். சேரும் முன்னர் அடுத்த ஒடுக்கம் தொடங்கிவிடும். முறைத் தண்ணீருக்காக வாப்பா வயல் வரம்பில் டோர்ச் லைட்டோடு விடிய விடிய இருந்த இரவுகளை நான் சிறுவனாகப் பார்த்திருக்கிறேன். வாய்க்காலில் அரை அடி மட்டம் என்பது எங்களைப் போன்ற குடும்பங்களுக்கு வேளாண்மைக்கும் கடனுக்கும் இடையில் உள்ள தூரம்.

இது கிழக்கு முஸ்லிம்களுக்கு ஏன் குறிப்பாக முக்கியம் என்று சொல்லத் தேவையில்லை. கல்லோயாவின் தலைப்பகுதியில் குடியேற்றங்கள். கரையோரம் சார்ந்த கடைப்பகுதியில் திட்டத்துக்கு முன்பிருந்தே பட்டிப்பளை ஆற்று நீரில் வேளாண்மை செய்த முஸ்லிம், தமிழ் ஊர்கள். நீர் குறையும் வருடத்தில் முதலில் காய்வது கடைப்பகுதி. இதை இனப் பிரச்சினையாக மட்டும் பார்ப்பது தவறு. தலைப்பகுதியிலும் கடைசிக் கிளையில் இருக்கும் சிங்கள விவசாயி அதே கஷ்டத்தைத்தான் படுகிறார். 1980 களின் தொடக்கத்தில் கல்லோயா இடதுகரையில் கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவகமும் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகமும் சேர்ந்து விவசாயிகளைக் குழுக்களாக அமைத்தபோது, மேலுள்ளவரும் கீழுள்ளவரும் சேர்ந்து வாய்க்கால் துப்புரவு செய்து நீரை முறைவைத்துப் பகிர்ந்தார்கள். கீழ்ப்பகுதிக்கு நீர் வந்தது. அதற்காகக் குளத்தில் நீர் கூடவில்லை. முடிவெடுக்கும் முறை மாறியது.

குளக்கட்டின் பாதுகாப்பு

1986 ஏப்ரல் 20 ஆம் திகதி அதிகாலை கந்தளாய்க் குளக்கட்டு உடைந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. கிராமங்கள் அடித்துச் செல்லப்பட்டன. என் வயதுக்காரர்களுக்கு அது பெரியவர்கள் சொல்லக் கேட்ட செய்தி. திருகோணமலை மாவட்டத்து உறவுகளுக்கு இன்றும் ஆறாத நினைவு.

நமது குளக்கட்டுகள் மண்ணால் ஆனவை. பல நூற்றாண்டுப் பழமையானவையும் உண்டு. மண்கட்டை ஊடறுத்துக் குழாய் போட்டால், அந்தக் குழாயின் வெளிப்புறத்தை ஒட்டி நீர் கசிந்து மெல்ல மண்ணை அரித்துக்கொண்டு போகும் ஆபத்து எப்போதும் உண்டு. மண் அணைகள் உடைவதற்கு நன்கு அறியப்பட்ட காரணங்களில் அதுவும் ஒன்று. ஆகவே புதிய குழாய்க்காகக் கட்டை வெட்டும் எந்தத் திட்டத்துக்கும் இலகுவில் தலையாட்டக் கூடாது. ஏற்கெனவே உள்ள துருசின் வெளிவாயிலிலோ, கட்டுக்கு வெளியே வாய்க்கால் விழும் இடத்திலோ அமைப்பதே பாதுகாப்பு. உற்பத்தி கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை.

ஒப்பந்தத்தில் என்ன இருக்க வேண்டும்

குளத்து மின்சாரத்தை நான் எதிர்க்கவில்லை. வர வேண்டும் என்றுதான் விரும்புகிறேன். எப்படி வர வேண்டும் என்பதற்கு ஐந்து நிபந்தனைகளைச் சொல்வேன். சிறுநீர்மின் ஒப்பந்தங்கள் பொதுவாக 20 வருடக் கணக்கில் போடப்படுபவை. இன்று தவறவிட்டால் இன்று பிறக்கும் பிள்ளை சாதாரண தரம் எழுதி முடித்த பிறகுதான் திருத்தலாம்.

முதலாவது, துருசின் திறப்பு நீர்ப்பாசனத் திணைக்களத்திடமே இருக்க வேண்டும். எப்போது திறப்பது, எவ்வளவு திறப்பது என்பதை ஆரம்பக் கூட்டம் தீர்மானிக்கும். சுழலி அதற்குப் பின்னால் போக வேண்டும். இரவு உச்ச நேரத்துக்காக நீரை ஒடுக்கித் திறப்பது கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுத்தில் வர வேண்டும். மகாவலியில் போகத்துக்குப் போகம் நீர்ப்பாசனத் தரப்பும் மின்சாரத் தரப்பும் ஒரே மேசையில் இருந்து திட்டம் போடும் ஏற்பாடு ஏற்கெனவே உள்ளது. சிறு குளங்களுக்கும் அதன் சிறிய வடிவம் ஒன்று போதும்.

இரண்டாவது, சுழலியைத் தவிர்த்து நீர் போக மாற்று வழி வேண்டும். நமது பகுதியில் மின்கம்பி அடிக்கடி அறுந்து விழுவது எல்லோருக்கும் தெரியும். கட்டமைப்பில் மின்சாரம் நின்றால் சுழலியும் நிற்கும். அந்த நேரத்தில் மாற்று வழி தானாகத் திறக்காவிட்டால் வாய்க்காலும் நின்றுவிடும். மின்வெட்டு நீர்வெட்டாக மாறக் கூடாது.

மூன்றாவது, குளக்கட்டின் பாதுகாப்புப் பற்றி நிறுவனத்தோடு தொடர்பில்லாத பொறியியலாளரின் அறிக்கை வேண்டும். அது தமிழிலும் சிங்களத்திலும் ஊர் மக்களுக்குக் கிடைக்க வேண்டும். ஆங்கிலத்தில் மட்டும் இருக்கும் அறிக்கையை எங்கள் வட்டவிதானையால் கேள்வி கேட்க முடியாது.

நான்காவது, வருமானத்தில் பங்கு. நமது உதாரணக் குளத்தின் மின்சாரம் ஓர் அலகு 20 ரூபாய்க்கு விற்றது என்று வைத்துக்கொண்டால் வருடத்துக்கு ஒரு கோடி ரூபாய்க்கு மேல் வரும். அதில் 5 வீதம் விவசாய அமைப்புகளுக்கு என்றால் 5 இலட்சத்துக்கு மேல். வாய்க்கால் துப்புரவுக்கும் உடைந்த மதகு திருத்தவும் ஒவ்வொரு போகத்திலும் ஏக்கருக்கு இவ்வளவு என்று சேர்க்கும் காசோடு ஒப்பிட்டால் அது பெரிய உதவி. 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் பதிவான விவசாய அமைப்புகள் ஊர்தோறும் உள்ளன. பணத்தைப் பெற்றுக் கணக்குக் காட்ட அமைப்பு இல்லை என்ற சாட்டு எடுபடாது. பங்கு தலைப்பகுதிக்கும் கடைப்பகுதிக்கும் ஏக்கர் கணக்கில் சமமாகப் போக வேண்டும்.

ஐந்தாவது, குளத்தை நம்பி வாழும் நன்னீர் மீனவர்களை மறந்துவிடக் கூடாது. சுழலி வாயில் மீன் போகாமல் தடுக்கும் வலையும், சல்வீனியாவும் ஆகாயத்தாமரையும் அடைக்காமல் துப்புரவு செய்யும் பொறுப்பும் யாருடையது என்பது எழுத்தில் இருக்க வேண்டும். செடி அடைத்தால் மின்சாரம் மட்டுமல்ல, நீரும் குறையும்.

இந்த நிபந்தனைகள் முதலீட்டாளரை விரட்டிவிடும் என்று சிலர் சொல்வார்கள். நீர்ப்பாசனத்துக்கு அடங்கி நடந்துகொண்டு இங்கினியாகலை இத்தனை காலம் இயங்குகிறது. அடங்கி நடக்க விரும்பாத முதலீடு நமது குளத்துக்குப் பொருத்தமில்லாத முதலீடு. கணக்கு அவ்வளவுதான்.

நாம் செய்ய வேண்டியது

நமது சமூகத்தில் ஒரு பழக்கம் உண்டு. திட்டம் ஒன்று வரும்போது அரசியல்வாதியிடம் விட்டுவிடுவோம். அடிக்கல் நாட்டும்போது மாலை போடுவோம். பாதிப்பு வந்த பிறகு அறிக்கை விடுவோம். ஆரம்பக் கூட்டத்துக்குப் போகும் எங்கள் பிரதிநிதிகள் பெரும்பாலும் விதைப்புத் திகதியும் உரமும் பேசிவிட்டு வருகிறார்கள். படித்த இளைஞர்கள் அந்தக் கூட்டம் நடக்கும் மண்டபத்தின் வாசலைக்கூட மிதிப்பதில்லை. பொறியியல் படித்த எத்தனையோ பிள்ளைகள் ஊரில் இருக்கிறார்கள். தங்கள் உம்மா வாப்பாவின் வயலுக்கு நீர் தரும் துருசின் உயரத்தையும் ஓட்டத்தையும் ஒரு போகம் முழுக்க அளந்து எழுதி வைத்தால் போதும். நாளைக்கு ஒரு நிறுவனம் வந்து ஒரு கணக்கைக் காட்டும்போது நம்மிடமும் ஒரு கணக்கு இருக்கும்.

இந்த வருடம் என் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளைச் செயற்றிட்ட வேலைக்காக வாய்க்காலுக்குக் கூட்டிப் போக நினைத்திருக்கிறேன். மிதவை ஒன்றை விட்டு, பத்து மீற்றர் போக எத்தனை செக்கன் என்று எண்ணி, வாய்க்காலின் அகலத்தையும் ஆழத்தையும் பெருக்கினால் ஓட்டம் வந்துவிடும். பாடப்புத்தகத்தில் உள்ள சக்தி மாற்றம் அப்போது அவர்களின் சொந்தக் குளத்தின் கணக்காகும்.

நீர் எவருக்கும் தனிச் சொத்தல்ல என்பதைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். மின்சாரமும் நமக்குத் தேவை, நெல்லும் தேவை. ஒரே நீரில் இரண்டையும் எடுக்கலாம், வரிசை மாறாதிருந்தால். நீர் வயலுக்குப் போகட்டும், போகிற வழியில் விளக்கையும் ஏற்றட்டும்.

அடுத்த ஆரம்பக் கூட்டத்தில் வட்டவிதானையைக் காணும்போது இதைத்தான் சொல்லப் போகிறேன். "காக்கா, நீங்கள் என்னிடம் கேட்டதை உள்ளே எழுந்து நின்று அதிகாரிகளிடம் கேளுங்கள். பதிலைக் கூட்ட அறிக்கையில் எழுதும்படி சொல்லுங்கள். உங்களுக்குப் பக்கத்தில் நானும் இருப்பேன்."